பாறைச்சி ராத்திரியில் ஏன் சாப்பிடுவதில்லை?

பஸ்ஸில் உட்கார்ந்தால் எல்லாரும் போனைப் பார்ப்பார்கள். நான் சூரியனைப் பார்ப்பேன். அது மலைக்கு எவ்வளவு மேலே நிற்கிறது, நான் வீடு போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும், இரண்டையும் மனசுக்குள் கழித்துக்கொண்டே வருவேன். பார்க்கிறவர்களுக்கு யாரோ கவிதை எழுதுகிற அம்மா என்று தோன்றும். நான் போடுவது வெறும் கணக்கு.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்திருக்கிறீர்கள் என்றால் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாயங்காலத்துக்கு மேல் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் எழுதுகிறவள். எங்கள் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான், நைனா என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்த பிறகு நைனா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அதனால்தான் எனக்குச் சூரியன்மேல் இத்தனை அக்கறை.

அன்றைக்கு அவலூர்பேட்டையில் சக டீச்சர் ஒருத்தியின் புதுவீட்டு விசேஷம். திரும்பி வரும்போது வழியில் வேர்க்கடலை ஏற்றிய லாரி ஒன்று பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு சாய்ந்து நின்றது. மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். பஸ் இன்ஜினை அணைத்துவிட்டார்கள். மழை விட்ட நாள். வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது, அந்தத் தண்ணீரில் இன்னொரு சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், நீ கவனிச்சியா? பாறைச்சி ராத்திரில சாப்பிடவே மாட்டேங்கறா."

"பசிக்கலையோ இன்னாவோ."

"சாப்டாதான அவளுக்கு வெயிட்டே திரும்ப வருது? சண்டை எல்லாம் ராத்திரிலதான் நடக்குது. ஒரு வாய் தின்னா முடிஞ்சிடும். தின்னவே மாட்டா. மொத புக்லேர்ந்து எடுத்துப் பாரு."

"எழுதறவங்க மறந்திருப்பாங்க டீ."

"மறக்கல. வேணும்னுதான் வெச்சிருக்காங்க. அவளுக்கு ஏதோ சாபம் இருக்குது. வெடிவேந்தனுக்கு மட்டும் அது தெரிஞ்சிது, இவ காலி."

பாறைச்சி என் கதாநாயகி. அவளை எழுதுகிறவள் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. அவர்கள் சொன்ன விஷயம் எனக்கும் அந்த நிமிஷம்வரை தெரியாது.

எடை போகிற பெண்

பாறைச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. மலை என்று சொல்கிறோமே தவிர எல்லாம் உருண்டைப் பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அடுக்குகள். யாரோ பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனது போல இருக்கும். சின்ன வயசில் வெயில் நேரத்தில் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு அவை மெல்ல மூச்சு விடுவதாகத் தோன்றும். கண்ணை இமைத்தால் நின்றுவிடும். இமைக்காமல் இருந்தால் ஒரு பாறை விரல் அளவு மேலே எழும்பும். நான் பார்த்திருக்கிறேன் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். நம்பாதவர்களோடு சண்டைக்குப் போவதில்லை.

அந்த ஒரு விரல் இடைவெளியிலிருந்துதான் பாறைச்சி வந்தாள். கோட்டை வாசலில் சீத்தாப்பழம் விற்கிற பெண். பாறையைத் தொட்டால் அதன் எடை போய்விடும். யானை அளவுக் கல் பஞ்சாக மிதக்கும். ஆனால் ஒவ்வொரு தடவை தொடும்போதும் அவள் எடையிலும் கொஞ்சம் போய்விடும். தொட்டுக்கொண்டே இருந்தால் அவள் பாதம் தரையைவிட்டுக் கிளம்பிவிடும். முந்தானையில் கல்லை முடிந்துகொண்டு நடப்பாள். சாப்பிட்டால் எடை திரும்பும்.

சூப்பர் ஹீரோவுக்கு என்ன சக்தி இருக்கிறது என்பதில் வாசகருக்கு இரண்டு இதழுக்குமேல் ஆர்வம் இருக்காது. அந்தச் சக்திக்கு அவள் என்ன கொடுக்கிறாள் என்பதில்தான் இருக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வகுப்பில் எழுந்து நின்று சரியான விடை சொல்கிற பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை. விடை தெரிந்தும் தொண்டை அடைத்து நிற்கிற பிள்ளையைத்தான் மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும்.

இன்னொரு விதி, வலப் பக்கத்தின் கடைசிக் கட்டம். காமிக்ஸில் பக்கத்தைத் திருப்ப வைக்கிற கட்டம் அது. அங்கே ஒரு கதவு பாதி திறந்திருக்க வேண்டும், அல்லது ஒரு கை நீண்டிருக்க வேண்டும். என்ன ஆனது என்று அந்தக் கட்டத்தில் சொல்லவே கூடாது. அடுத்த இதழில் என்ன நடக்கும் என்று பெற்ற தகப்பனிடமும் சொல்லக் கூடாது. இந்த விதியை மட்டும் நான் மீறியதே இல்லை.

பாறைச்சி யாரையும் அடிக்கமாட்டாள். எங்கள் வீட்டில் எறும்பு வரிசை வந்தால் அது போகும்வரை நைனா காலைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அந்த வீட்டில் இருந்துகொண்டு முகத்தில் குத்துகிற கதாநாயகியை எழுத எனக்கு வராது. வெடிவேந்தன் என்பவன் மலைகளை வெடிவைத்துத் தகர்க்கிற குவாரிக்காரன். அவன் அனுப்புகிற புல்டோசரை அவள் தொடுவாள். இரும்பும் மண்ணிலிருந்து வந்த கல்தானே. அது மெல்ல எழும்பி, செட்டிக்குளத்துக்கு மேலே, உள்ளே ஓட்டுநர் கையைப் பிசைந்துகொண்டிருக்க, நிலவில் மிதந்து போகும்.

"அடியே இல்லாம இன்னா சூப்பர் ஹீரோ?" என்று முதல் இதழ் வந்தபோது டீக்கடையில் கேட்டார்கள். இரண்டாவது இதழில் புல்டோசர் மிதந்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ரேவதியின் தட்டு

படம் வரைகிறவள் ரேவதி. ஓவியம் படித்துப் பட்டம் வாங்கியவள். பிழைப்புக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறாள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சி வரவேற்பு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அவள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஊருக்குள் வரும். எங்கள் வில்லன் எப்போதும் கை கூப்பிச் சிரித்துக்கொண்டே வெடியைப் பற்ற வைப்பான். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை.

அன்று பஸ்ஸிலிருந்தே குரலைத் தாழ்த்தி அவளுக்குப் போன் போட்டேன்.

"ரேவதி, நம்ம பாறைச்சி ராத்திரில சாப்பிட்டிருக்காளா?"

"இல்லக்கா."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு வாட்டி நான் போட்டேன். பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடை சீன். தட்டுல பரோட்டா, பக்கத்துல வெங்காயம். நீங்கதான் தட்டை எடுத்துடு, நல்லாயில்லன்னீங்க. அன்னிலேர்ந்து நான் போடறதில்ல. ஏங்க்கா, அது கதைக்குத் தெரிஞ்சிதான சொன்னீங்க?"

தெரிந்து சொல்லவில்லை. இருட்டில் ஒருவர் வாயில் சோறு போவதை என்னால் கற்பனை செய்யவே முடிந்ததில்லை, அவ்வளவுதான். எனக்கு அந்தத் தட்டு ஏதோ கோணலாக வரைந்தது போலப் பட்டிருக்கிறது. நான் வெளியூரில் படித்தபோது ஹாஸ்டலில் எட்டு மணிக்குச் சாப்பிட்டவள்தான். இப்போதும் கல்யாண வீடுகளில் சாப்பிடுகிறேன். என் வாய் எப்போதோ மாறிவிட்டது, எழுதுகிற கை மட்டும் நைனா வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் யோசித்து வைத்த எந்தத் திருப்பமும் இதற்குப் பக்கத்தில் வராது. சாப்பிட்டால் எடை வரும், ஆனால் ராத்திரியில் சாப்பிடமாட்டாள், சண்டையோ ராத்திரியில். இதை வைத்து ஒரு வருஷம் ஓட்டலாம் என்று நினைத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன்.

வயலில் சூரியன் இல்லை. மேலேயும் இல்லை.

"பொழுது வந்துடுச்சா?"

வீட்டுக்குப் போனபோது நைனா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சமைத்து மூடி வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். மூடி மூடியபடி இருந்தது. அம்மா போனதிலிருந்து அவர் தனியாகச் சாப்பிட உட்காருவதில்லை. தொண்டையில் இறங்கவில்லை என்பார்.

"ஏன் நைனா சாப்பிடல?"

"நீ வருவன்னு இருந்தேன். பொழுது போயிடுச்சு. வுடு, காலைல பாத்துக்கலாம்."

நைனாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. ஊசி போட்டுக்கொள்கிறார். ஊசியைக் குறைத்தால் சர்க்கரை ஏறுகிறது. கூட்டினால் விடியற்காலையில் தரைக்கு இறங்கிவிடுகிறது. சாயங்காலம் ஐந்தரைக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் சூரியன் வரும்வரை வயிற்றைக் காயப்போட்டால் எந்த மருந்துதான் நிற்கும். திண்டிவனத்து டாக்டர் பொறுமையானவர். கடைசியாகப் போனபோது அவரே குரலை உயர்த்திவிட்டார்.

"ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு இட்லியாவது உள்ள போகணும் ஐயா. இல்லன்னா ஒரு நாள் காலைல நீங்க எழுந்திருக்கமாட்டீங்க."

"இந்த வயசுக்கு மேல வாயைக் கெடுத்துக்க முடியாது டாக்டர்" என்றார் நைனா, ஏதோ சின்ன உதவியை மறுப்பது போல.

அவர் பிடிவாதக்காரர் இல்லை. அப்படி இருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். நானும் கேட்டிருக்கிறேன், ஏன் இப்படி என்று. "வெளக்கு போட்டா பூச்சி வருது. வந்தது தட்டுல வுழுது. தெரியாம மென்னுட்டா அது உசுரு போச்சு. அது உசுரை எடுத்து நான் இருந்து இன்னா பண்ணப் போறேன்?" என்பார்.

மறுநாள் விடியற்காலையில் அவர் அறையில் ஏதோ உருளுகிற சத்தம் கேட்டது. சொம்பு. போய்ப் பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது.

"நைனா."

"யாரும்மா நீ?" என்றார், மரியாதையாக, வீட்டுக்கு வந்த வெளியாளைக் கேட்பது போல.

அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினேன். கொஞ்சம் உள்ளே போனது, கொஞ்சம் தாடையில் வழிந்தது. மறுபடி ஊற்றினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவர் கண்ணில் நான் மெல்ல மெல்ல மகளாகிக்கொண்டிருந்தேன். முழுசாக ஆனதும் அவர் கேட்ட முதல் கேள்வி இது.

"பொழுது வந்துடுச்சா?"

"வந்துடுச்சு நைனா" என்றேன். ஜன்னல் சாத்தியிருந்தது. வெளியே இன்னும் நட்சத்திரம் இருந்தது.

கதையில் மருந்து

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், பாறைச்சி ராத்திரியில் சாப்பிடப் போகிறாள் என்று.

ஏனென்றால் நைனா பாறைச்சியின் வாசகர். இது நான் வெளியில் சொல்லாத பெருமை. புதுச்சேரியில் அச்சாகிற சின்ன மாத இதழ் அது. தபாலில் வந்ததும் கவரை அவர்தான் பிரிப்பார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு, சில சமயம் உதடு அசைய, ஒரு சாயங்காலம் முழுக்கப் படிப்பார். அவருக்கு அது கதை இல்லை. எங்கோ பக்கத்து ஊரில் இருக்கிற ஒரு பெண்ணின் சமாச்சாரம். "அந்தப் பொண்ணு காலு தரையில நிக்கல, பாத்தியா?" என்று என்னிடமே கவலைப்படுவார். அடுத்து என்ன என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. வரும்போது வரட்டும் என்கிற ஆள்.

டாக்டர் சொல்லி ஏறாதது, மகள் சொல்லி ஏறாதது, அந்தப் பெண் செய்து காட்டினால் ஏறும் என்று நினைத்தேன். ஒரு கட்டம் போதும். இருட்டு, நிலா, அவள் வாயில் சோறு, கால் தரைக்கு வருகிறது.

கதையைச் சொன்னபோது ரேவதி யாரோ ஒரு குழந்தையைப் புலிமேல் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். காதுகுத்து பேனர். மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"வேணாங்க்கா."

"ஏன், நல்லாயில்லையா?"

"நல்லாதான் இருக்குது. ஆனா நீங்க அவ பசிக்காக சோறு போடல. உங்க நைனாவுக்குப் போடறீங்க. கதையில மருந்து கலந்தா படிக்கிறவங்களுக்கு நாக்குல தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா தெரியட்டும். எனக்கு அவர் இருக்கணும்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. வெளியே பேனர் வாங்க வந்து நின்றவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ரேவதி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"அவ சாப்பிடறத விடுங்கக்கா. குடுக்கற வரைக்கும் போவலாம். அந்தக் கட்டத்துல நிறுத்திடலாம். சாப்பிடறதா வேணாமான்னு உங்களுக்கே நெஜமா தெரியலன்னா, படிக்கிறவங்களுக்கும் தெரியாது."

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவளைச் சாப்பிட வைக்க உட்கார்ந்தபோதெல்லாம் பேனா முரண்டு பிடித்தது. வாயைத் திறக்கமாட்டேன் என்று அந்தப் பெண் நைனாவின் முகத்தோடு என்னைப் பார்த்தாள். சாப்பிடாமல் விட்டால் அவள் மேலே போய்விடுவாள். அதை எழுதவும் எனக்குத் துணிச்சல் இல்லை. ரேவதி சொன்னபடியே செய்தோம்.

களஞ்சியத்தில் ஒரு கை

ராஜகிரி அடிவாரத்தில் பழைய நெற்களஞ்சியம் இருக்கிறது, வளைந்த கூரையோடு. உள்ளே நின்று பேசினால் குரல் சுற்றிக்கொண்டு நமக்கே திரும்பி வரும். எங்கள் கதையில் வெடிவேந்தன் கூலி கேட்ட தன் குவாரி ஆட்களை அதற்குள் அடைத்து, ஒரு தொடலில் கிளம்பாத பெரும்பாறையை வாசலுக்கு உருட்டிவிடுகிறான். பாறைச்சி இரவு முழுக்க அந்தப் பாறையைத் தொட்டுத் தொட்டு நகர்த்துகிறாள். ஒரு ஆள் நுழைகிற சந்து கிடைத்ததும் உள்ளே போய் எல்லாரையும் வெளியே அனுப்புகிறாள். கடைசியில் திரும்பிப் பார்த்தால் முந்தானைக் கல் அவிழ்ந்து கீழே கிடக்கிறது. அவள் கூரையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள். கூரையின் நடுவே ஒரு திறப்பு. அதில் நிலா.

எல்லாரும் போய்விட்டார்கள், ஒரு கூலிக்காரப் பெண்ணைத் தவிர. அவள் தன் தூக்குச்சட்டியிலிருந்து மிச்சச் சோற்றை உருட்டிக் கையை மேலே நீட்டுகிறாள். "ஒரு வாய் வாங்கிக்கம்மா."

கடைசிப் பக்கம் முழுக்க ஒரே கட்டம். மேலே கூந்தல் கூரையில் உரசியபடி பாறைச்சி, மூடிய உதடு. கீழே நீட்டிய கை. இரண்டுக்கும் நடுவே நிலா வெளிச்சத்தில் தூசு. ரேவதி அந்தத் தூசை வரைய மட்டும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். நான் பார்த்தபோது எனக்கே கால் லேசாக எழும்பியது.

இதழ் வந்தது. ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

சாப்பிடு கட்சி, சாப்பிடாதே கட்சி. பிள்ளைகள் அந்தக் கட்டத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். மருந்துக் கடைக்காரர் மாத்திரைப் பட்டையை வெட்டிக்கொண்டே, "டீச்சர், சாப்ட்டா பவர் போயிடுமா?" என்றார். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர், அந்தச் சோற்றில் வெடிவேந்தன் ஏதோ கலந்திருக்கிறான் என்று அடித்துச் சொன்னார். நான் கனவிலும் நினைக்காதது அது. இதழாசிரியர் புதுச்சேரியிலிருந்து போன் செய்து, இத்தனை நாளில் ஒரு கட்டத்துக்கு இவ்வளவு கடிதம் வந்ததில்லை என்றார். பஸ்ஸில் பேசிய பெண்ணை மறுபடி பார்த்தேன். "நான் அப்பவே சொல்லல?" என்று தோழியின் தோளில் தட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே, "அடுத்த மாசம் பாருங்க" என்றேன். எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும். வீட்டுக்குள் நுழைந்தால் அந்தச் சந்தோஷம் வாசலிலேயே நின்றுகொள்ளும்.

நைனா ஒரு சாயங்காலத்தில் படித்து முடிக்கவில்லை. மறுநாளும் படித்தார். அதற்கு மறுநாளும் கடைசிப் பக்கத்தையே மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, என் ஞாபகத்தில் முதல் தடவையாக, கேட்டார்.

"சாப்ட்டாளாம்மா?"

வாயில் வந்துவிட்டது, சாப்பிட்டாள் நைனா, நீங்களும் சாப்பிடுங்கள் என்று. ஆனால் நான் அதை இன்னும் எழுதவில்லை. எழுதாததைச் சொன்னால் அது பொய். அவரிடம் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

"அடுத்த மாசம் வரும் நைனா."

"அதுவரிக்கும் இருக்கணுமே" என்றார். பயமும் இல்லை, கேலியும் இல்லை. பஸ் வர இன்னும் நேரம் இருக்குது என்பது போலச் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய் ஒரு காரணமும் இல்லாமல் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

கொசுவலை

அடுத்த அத்தியாயத்தை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மழை ஓய்ந்து ஈசல் கிளம்புகிற காலம். பொழுது சாய்ந்ததும் வீட்டில் ஒரு விளக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அதன் கீழே வெள்ளைத்தாளோடு உட்கார்ந்திருப்பேன். சாப்பிட்டாள் என்று எழுதுவேன், அடிப்பேன். சாப்பிடவில்லை என்று எழுதுவேன், அடிப்பேன். ஜன்னல் வழியே கிருஷ்ணகிரி கறுப்பாகத் தெரியும். அதன்மேல் ஒரு பாறை கிளம்பிக் கிளம்பி உட்காருவது போல இருக்கும்.

அப்படி ஒரு சாயங்காலம் நைனா அறையிலிருந்து கூப்பிட்டார்.

"பத்மா. ரெண்டு இட்லி இருக்குதா?"

சரியாகத்தான் கேட்டேனா என்று தெரியவில்லை. பிறகு எழுந்து போனேன். கட்டிலைச் சுற்றிக் கொசுவலை கட்டியிருந்தது. அவரே கட்டியிருக்கிறார், ஒரு மூலை அலமாரிப் பிடியில், ஒரு மூலை காலண்டர் ஆணியில். உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் காலித் தட்டு, கையில் டார்ச். வலைக்கு வெளியே அவர் போட்டிருந்த ட்யூப்லைட்டில் ஈசல் மொய்த்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றுகூட இல்லை.

"நைனா, பொழுது போயிடுச்சு" என்றேன். என் வாயிலிருந்தா அது வந்தது.

"தெரியுது. எடுத்தா."

இரண்டு இட்லியைக் கிண்ணத்தில் போட்டு மூடி எடுத்து வந்தேன். வலையை ஒரு கை நுழைகிற அளவுக்கு மட்டும் தூக்கி வாங்கிக்கொண்டார். உடனே ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகினார். சுற்றிலும் ஒருமுறை செருகிச் சரிபார்த்தார். டார்ச்சை அடித்து நாலு மூலையும் பார்த்தார், தட்டைப் பார்த்தார், இட்லியைத் திருப்பி அடிப்பக்கமும் பார்த்தார். ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுகிற கவனம் அதில் இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து எது முதலில் என்று தெரியாமல் நின்றேன்.

"ஏன் நைனா திடீர்னு?"

தலையணைக்கடியிலிருந்து இதழை எடுத்தார். கடைசிப் பக்கம் மடித்திருந்தது. வலைக்கு உள்ளேயிருந்து டார்ச்சை அதன்மேல் அடித்தார்.

"ஊரெல்லாம் மேல இருக்கற பொண்ணு வாயையே பாக்குது. நானும் மொதல்ல அதத்தான் பாத்தேன். அப்புறம் கீழ நிக்கறவளப் பாத்தேன். இதோ, எட்டி எட்டி நிக்கறா பாரு. கால் நுனியில நிக்கறா. கை வலிக்காதா அவளுக்கு? மேல இருக்கறவ வேணாம் வேணாம்னுட்டா, இவ எத்தினி நேரம் இப்படி நிப்பா?"

நான் குனிந்து வலை வழியாகப் பார்த்தேன். அச்சுக்குப் போகுமுன் எத்தனை தடவை பார்த்த கட்டம். நிலாவைப் பார்த்திருக்கிறேன், தூசைப் பார்த்திருக்கிறேன், மூடிய உதட்டைப் பார்த்திருக்கிறேன். சோறு கொடுக்கிற பெண்ணின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. கூலிக்காரப் பெண் என்று எழுதிக் கொடுத்ததோடு சரி.

"ரேவதி உன்னதான் போட்டுருக்குது" என்றார் நைனா. "உன் கண்ணாடி மட்டும் இல்ல."

நான்தான் அது. கழுத்து நரம்பு புடைக்க, நுனிக்காலில், கெஞ்சுகிற முகத்தோடு. இப்படித்தான் இருக்கிறேனா என்று இருந்தது. இத்தனை நாளாக நைனா இப்படித்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்றும் இருந்தது. வலையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் இட்லியைப் பிட்டு வாயில் போட்டார். இருட்டின பிறகு அவர் வாய் அசைவதை என் ஆயுசில் அன்றுதான் பார்த்தேன். மெதுவாக மென்றார். விழுங்கினார். வெளியே ஈசல் சிறகுகள் உதிர்ந்துகொண்டிருந்தன.

"அந்தப் பொண்ணு கதை இன்னா ஆச்சு? எழுதிட்டியா?"

"இல்ல நைனா. வரமாட்டேங்குது. உங்களுக்கு இன்னா தோணுது?"

அடுத்த விள்ளலை எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"எறங்கறா" என்றார். "எழுதிக்க."